சிவப்பு நூல் கட்டிய கேபிள்

அவளை அந்தத் தையல் தொழிற்சாலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முந்நூறு மெஷின்கள் ஓடுகிற கூடத்தில் ஏதாவது ஒன்று மக்கர் செய்தால் "ஸ்பேனரக்கா" என்று ஒரு குரல் எழும். அவள் டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நிற்பாள். மெக்கானிக்குகள் ஆறு பேரில் அவள் ஒருத்திதான் பெண். மற்ற ஐந்து பேரும் சேர்ந்தாலும் அவளுக்கு ஈடாக மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, சூப்பர்வைசர் சொல்வார். அதுவும் அந்த ஐந்து பேரையும் எதிரே நிற்க வைத்துக்கொண்டே சொல்வார். மனிதருக்கு அவ்வளவு இங்கிதம்.

அவள் வேலையில் ஒரு முறை உண்டு. எந்த மெஷினைப் பிரித்தாலும், கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு வயரிலும் ஒரு நிற நூலைக் கட்டிவிடுவாள். அந்த வயர் செருகியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் அதே நிறச் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பாள். நூலுக்கும் சாக்பீஸுக்கும் தையல் தொழிற்சாலையில் பஞ்சமா என்ன? வேலை முடிந்ததும் சிவப்பு நூல் சிவப்புக் கோட்டுக்கு, பச்சை நூல் பச்சைக் கோட்டுக்கு. எடுத்ததை எடுத்த இடத்திலேயே மாட்ட வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. பதினான்கு வருஷத்தில் அவள் பிரித்துப் பூட்டிய மெஷின் ஒன்றுகூட அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை.

வீட்டில் அவளுக்கு ஒரு தம்பி. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு ஒன்பது வயது, இவளுக்கு இருபத்தொன்று. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம் "முதல்ல இவன் ஆளாகட்டும்" என்றாள். இவன் ஆளானபோது பேச்சை எடுக்க ஆளில்லை. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள் என்று நினைத்துவிடாதீர்கள். அக்காவும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இரண்டு அறையில் நன்றாகத்தான் இருந்தார்கள். அவன் படித்து முடித்து ஒரு கூரியர் ஆபீஸில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலையில் சேர்ந்திருந்தான்.

அவனுக்கு இருபத்துநான்கு முடிந்த மாதம், முகவரிகளில் நடு எழுத்துகள் காணாமல் போக ஆரம்பித்தன. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று போனார்கள். கண்ணாடிக்காரர் பெரிய டாக்டரிடம் அனுப்பினார். பெரிய டாக்டர் நாலு மெஷினில் அவன் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"கண்ணு நரம்பு காய்ஞ்சுகிட்டு வருது. பரம்பரையா சில பேருக்கு வரும். இதுக்கு மருந்து இல்லை. பார்வை ஆறு மாசம் இருக்கலாம். கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். பார்க்க வேண்டியதையெல்லாம் இப்பவே பார்த்துக்கோ தம்பி."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை. தம்பி அவள் முழங்கையை இடித்தான். "சும்மா இருக்கா. எல்லாரும் பாக்கறாங்க. எனக்கே தெரியுதுன்னா பாத்துக்கோ" என்றான். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு பிள்ளை அவன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று அன்று சாயங்காலமே கேட்டாள். கடல் பார்க்க வேண்டும் என்பான், மலை பார்க்க வேண்டும் என்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் தயங்கித் தயங்கி, மேஜைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டினான்.

அந்தப் பெட்டியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவன் காலேஜில் சேர்ந்தபோது ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துப் போட்டதை அவள் வாங்கிக் கொடுத்திருந்தாள். கடிதம் அடிக்கத் தோதான பெட்டி. இவனோ அதில் குதிரை ஓட்டினான். ஒரு பெரிய நாடு, காடு, ஆறு, ஊர்கள், அதையெல்லாம் குதிரையில் சுற்றி வருகிற கேம். பெட்டிக்குத் திராணி இல்லாததால் படத்தை இருப்பதிலேயே மட்டமான தரத்தில் வைத்துத்தான் ஆட முடியும். மரமெல்லாம் பச்சை அட்டையை வெட்டி நட்டு வைத்த மாதிரி இருக்கும். ஆறு ஒரு நீல பிளாஸ்டிக் விரிப்பு. மனிதர்களுக்கு முகம் இருக்கும், கண் இருக்காது. ஏழு வருஷம் அந்த அட்டைக் காட்டுக்குள்ளேயே அலைந்திருக்கிறான். இன்டர்நெட் வழியாக அவனோடு கூட ஆடுகிறவன் ஒருவன் உண்டு. எந்த ஊர்க்காரன் என்றுகூடத் தெரியாது, குரல் மட்டும்தான் பழக்கம். வாயை மூடவே மாட்டான் என்பதால் 'ரேடியோ' என்று பெயர். அவனிடம் நல்ல கம்ப்யூட்டர் இருந்தது.

"ரேடியோ சொல்வான்க்கா. காட்டுக்குள்ள விடியற நேரத்துல போனா இலை நுனியில தண்ணி சொட்டு நிக்குமாம். குதிரை மூச்சு விட்டா ஆவி தெரியுமாம். நான் ஆமாம் ஆமாம்னு கேட்டுக்குவேன். என் ஸ்கிரீன்ல இலையே கிடையாது." பெட்டியின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தான். "சின்னப்புள்ளத்தனம்னு நினைப்ப. அந்தக் காட்டை ஒரே ஒரு தடவை முழுசாப் பாத்துடணும். அப்புறம் கடல், மலை, உன் மூஞ்சி எல்லாம் வரிசையா பாக்கலாம்."

"என் மூஞ்சி கடைசியாடா?"

"அது எங்க ஓடிடப் போகுது?"

புதுக் கம்ப்யூட்டர் வாங்க வக்கு கிடையாது. அது இருவருக்கும் தெரியும். தம்பி போன் திரையில் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, நாலு நாள் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தான். பெட்டியை மாற்ற வேண்டாம், மெமரி ஒன்று கூடுதலாகப் போட்டு, படத்தைத் துல்லியமாக்குகிற பழைய மாடல் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகினால் போதும். அதிலும் கூடுதல் கரண்ட் கேட்காத சின்னக் கார்டாகப் பார்த்துக் குறித்துக் கொடுத்தான். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். அவளும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு கம்பெனிக்கு மெஷின் பார்க்கப் போய், அந்தக் காசைத் தேற்றினாள்.

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கடைக்காரர் ஐம்பது வயது மனிதர், நிதானமானவர். அவள் கொண்டு போன சீட்டைப் படித்துவிட்டு, ஒரு கார்டை எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, ஓடுகிறது என்று காட்டினார்.

"பெட்டியைக் கொண்டு வந்தா நானே மாட்டித் தர்றேன்மா" என்றார்.

"வேண்டாம். மெஷின் பிரிக்கறதுதான் என் வேலையே" என்றாள் அவள்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. தன் வேலை தெரிந்தவர்களிடம் அதற்கு மேல் எதைச் சொல்வது? கார்டின் துளைகளை ரப்பர் மூடியால் மூடி, காகிதத்தில் சுற்றி, மெமரியையும் கூட வைத்து, தேவையான சாஃப்ட்வேரை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். கேம் தானாகவே கார்டைப் பார்த்துப் படத்தின் தரத்தைக் கூட்டிக்கொள்ளும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அடுத்த விடுமுறை நாள் காலை. ஜன்னலோரம் விரிப்பு போட்டு, பெட்டியை அதில் படுக்க வைத்து, தம்பி பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார, அவள் வேலையை ஆரம்பித்தாள். முதலில் நூல். கரண்ட் வயருக்குக் கறுப்பு, கீபோர்டுக்குப் பச்சை, மவுஸுக்கு மஞ்சள், மானிட்டர் கேபிளுக்குச் சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் பெட்டியின் முதுகில் ஒரு கோடு. பிறகு எல்லாவற்றையும் கழற்றி, ஏழு வருஷத் தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, கார்டை அதற்குரிய பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. மெமரியும் உட்கார்ந்தது. மூடியைப் பூட்டினாள். எல்லாம் கண்ணும் கருத்துமாகத்தான் செய்தாள்.

இங்கேதான் அந்தப் பாவி மகள் தப்புச் செய்தாள். மறைப்பானேன், நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். கிராபிக்ஸ் கார்டு போட்டால் மானிட்டர் கேபிளைப் பழைய துளையிலிருந்து எடுத்து, கார்டின் துளையில் செருக வேண்டும். படம் அந்த வழியாக வந்தால்தான் கார்டு வேலை செய்யும். அவள் சிவப்பு நூலைச் சிவப்புக் கோட்டுக்குக் கொண்டு போனாள். எடுத்த இடத்திலேயே மாட்டினாள். சில பெட்டிகளில் புதுக் கார்டு வந்ததும் பழைய வழி தானாக அடைபட்டுவிடும், திரை இருட்டாகிவிடும், தப்பு அந்த நிமிஷமே தெரிந்துவிடும். இந்தப் பெட்டிக்கு அந்த நல்ல புத்தியும் இல்லை. பழைய வழியிலேயே படத்தைக் காட்டியது. தம்பிக்காவது தெரியாதா என்பீர்கள். அவன் பிறந்ததிலிருந்து ஒரு கார்டைக் கையால் தொட்டதில்லை.

பென் டிரைவில் இருந்ததை அவன் சொல்லச் சொல்ல அவள் ஏற்றினாள். கேம் திறந்தது. குதிரை நின்றது. தம்பி திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, குதிரையை நேரே காட்டுக்குள் விட்டான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

காட்டுக்குள் வெகுநேரம் நின்றான். ஒரு மரத்தடியில் போய் நின்றான், பிறகு இன்னொன்றின் அடியில்.

"எல்லா வயரும் சரியா மாட்டிட்டியாக்கா?"

"எடுத்தது எடுத்த இடத்துல அப்படியே இருக்குடா. என் வேலையில என்னைக்காவது தப்பு வந்திருக்கா?"

"இல்ல" என்றான். உண்மையிலேயே வந்ததில்லை. அவனுக்கு அது அம்மா முகம் தெரிந்த மாதிரி தெரியும். அக்கா மாட்டினால் மாட்டினதுதான். கார்டு சரி, வயர் சரி, கடைக்காரர் ஓட்டிக் காட்டியிருக்கிறார். அப்படியானால் மிச்சம் இருப்பது என்ன? இலையும் இலையில் நிற்கிற தண்ணீரும் திரையில் இருக்கின்றன, பார்க்கிற கண்தான் அதற்கு முன்னாலேயே அவ்வளவு நுணுக்கத்தை இழந்துவிட்டது என்று அவன் முடிவு கட்டினான். அந்த முடிவுக்கு வர அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பிறகு திரும்பி அக்காவைப் பார்த்துச் சிரித்தான். "ஐயோ, என்னமா இருக்குக்கா. ரேடியோ சொன்னது நிஜம்தான். இலை நுனியைப் பாரேன், சொட்டு சொட்டா."

அவள் பார்த்தாள். அட்டை மரம் அட்டை மரமாகத்தான் இருந்தது. ஆனால் இவளுக்கு இந்த விளையாட்டெல்லாம் என்ன தெரியும்? ஏழு வருஷமாக அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாளே தவிர உட்கார்ந்து பார்த்ததில்லை. பிள்ளை சொட்டு தெரிகிறது என்கிறான். தெரியவில்லை என்று சொல்லி அவன் சந்தோஷத்தில் மண்ணைப் போடவா?

"ஆமாடா, எவ்வளவு அழகா நிக்குது" என்றாள்.

அக்காவுக்கே தெரிகிறது என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. அவன் இன்னும் பத்து நிமிஷம் குதிரை மூச்சில் வருகிற ஆவியைப் பற்றியும், ஆற்றில் விழுகிற வெயிலைப் பற்றியும் ரேடியோ சொன்னதையெல்லாம் தான் பார்ப்பதுபோல் சொன்னான். அவளும் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டாள். இருவரில் யாராவது ஒருவர் அன்று வாயைத் திறந்து "எனக்கு ஒண்ணும் தெரியலை" என்று சொல்லியிருந்தால் போதும். ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த பாசம் இருவர் வாயையும் கட்டிப்போட்டது. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது.

அடுத்த நாளிலிருந்து அவன் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. கேட்டதற்கு, ஆசை தீர்ந்துவிட்டது என்றான். ஒரு வாரம் கழித்து டாக்டரிடம் போனபோது அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, போன தடவைக்கும் இதற்கும் பெரிய மாற்றமில்லை, இன்னும் நல்லாவே பார்வை இருக்கிறது என்றார். படியிறங்கும்போது தம்பி சொன்னான்: "பாவம், ஆறுதலுக்குச் சொல்றார்."

அவள் கடலுக்குக் கூப்பிட்டாள். "எதுக்குக்கா வீண் அலைச்சல்? நீ பாத்துட்டு வந்து சொல்லு" என்றான். மலைக்குக் கூப்பிட்டாள், தலைவலி என்றான். வேலையை விட்டான். ஒரு குச்சி வாங்கி வரச் சொல்லி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு அறைக்கும் நடுவே நடந்து பழகினான். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளக்கூட அவனுக்கு அலுப்பாக இருந்தது. அவள் எதிரே வந்து நின்று முகத்தைக் காட்டினால், தலையைக் குனிந்துகொள்வான். அரைகுறையாகப் பார்த்து மனசில் இருக்கிற முகத்தையும் கெடுத்துக்கொள்வானேன் என்று பயந்தானாம். இதைப் பிற்பாடு அவனே சொன்னான். டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே பிள்ளை ஏன் இப்படி ஒடிந்துவிட்டான் என்று புரியாமல், அவள் தொழிற்சாலைக் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்து மெஷின் பார்த்தாள்.

அப்படியே மூன்று மாதம் போயிற்று. அதற்குப் பிறகுதான் பார்வை நிஜமாகவே போனது. இரண்டே வாரத்தில், ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சத்தை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போய்விட்டது. தம்பி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது எப்போதோ போய்விட்டது என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வருஷம் ஒன்று திரும்பியது. பார்வையில்லாதவர்களுக்குப் படித்துக் காட்டுகிற சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்கிற ஒரு வேலை அவனுக்குக் கிடைத்தது. கம்பெனிக்காரர்களே சின்னதாக ஒரு லேப்டாப்பும் கொடுத்தார்கள். "அந்தக் கார்டு சும்மாதானேக்கா கிடக்குது. யாராவது கண்ணுள்ள பையனுக்குப் போகட்டும், வித்துடு" என்றான். அவள் பெட்டியைத் திறந்து, கார்டைக் கழற்றி, காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மாடிப்படிக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். காகிதத்தைப் பிரித்துக் கார்டைத் திருப்பினார். மூன்று துளைகளிலும் ரப்பர் மூடி அப்படியே இருந்தது. மேலே தூசி படிந்திருந்தது.

"இதை நீங்க போடவே இல்லையாம்மா?"

"போட்டோமே. வாங்கின வாரமே நானே மாட்டினேன்."

"இந்த மூடி நான் போட்டது. எடுக்கவே இல்லையே. அப்ப மானிட்டர் கேபிளை எதுல சொருகினீங்க?"

"எடுத்த இடத்துலதான்."

கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது பழைய வழிம்மா. கேபிளை இதுக்கு மாத்தணும். மாத்தலைன்னா கார்டு உள்ள சும்மா உட்கார்ந்திருக்கும். படம் பழையபடிதான் வரும்."

"ஒரு வித்தியாசமும் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? எவ்வளவு நல்ல கண்ணு இருந்தாலும் தெரியாது."

அவள் கார்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். விலை பேசவே இல்லை. பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ்கள் வந்து போயின. அன்று அவன் இரண்டு மரத்தடியில் நின்றது, வயர் சரியா என்று கேட்டது, தான் பெருமையாகப் பதில் சொன்னது, டாக்டர் சொன்னதை அவன் நம்பாதது, கடலுக்கு வரமாட்டேன் என்றது, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அவளுக்கு விளங்கியது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் தொழிற்சாலையில் தன் கையால் ஓர் ஊசி உடைந்தாலும், மற்றவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிப் பழகியவள் அவள். வேறு மாதிரி இருக்க அவளுக்குத் தெரியாது.

வீட்டில் தம்பி வேலை முடித்துக் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிக்கொண்டிருந்தான். "வித்துட்டியாக்கா?" என்றான்.

அவள் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கேபிளை மாற்றாமல் விட்டது, ரப்பர் மூடி, பழையபடி வந்த படம், தனக்கும் அன்று ஒரு சொட்டும் தெரியாதது. தப்பு என்னோடதுடா, முழுக்க என்னோடது என்றாள்.

தம்பி கையிலிருந்த ஹெட்போனைத் தரையில் வைத்தான்.

"அப்போ அன்னைக்கு எனக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கு" என்றான்.

"தெரிஞ்சிருக்குடா."

"அதுக்கப்புறமும்?"

"மூணு மாசம்."

மூன்று மாதம் கண்ணை மூடிக்கொண்டு குச்சியோடு நடந்தவன் அவன். அவள் திட்டுக்குக் காத்திருந்தாள். நாலு வார்த்தை கொடூரமாகத் திட்டினால்கூட நல்லது என்று இருந்தது அவளுக்கு.

"இதை ஏன்க்கா என்கிட்ட சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நீ உன் கண்ணு மேல பழி போட்டுட்டு இருந்த. பழி என்னோடது. அதை உனக்குச் சொல்ல வேண்டாமா?"

"கண்ணு மேல போட்டுட்டு நான் நிம்மதியா இருந்தேன்" என்றான் தம்பி. "உன் மேல எப்படிக்கா போடுவேன்?"

அவன் கையை நீட்டித் தடவி, அவள் தோளைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டு அழுதான்.